மாதா மாதம் வலிக்கும் தையல்

உங்கள் குடும்பத்தில் சிசேரியன் ஆன பெண்கள் எத்தனை பேர்? மகள், மருமகள், தங்கை, நாத்தனார், ஒன்றுவிட்ட அக்காள் என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்களேன். ஒரு கை போதாது, இல்லையா? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். இந்தியா முழுவதுக்கும் சேர்த்துப் பார்த்தால் 21 அல்லது 22தான். என் அம்மா காலத்தில் 'வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுத்தாங்களாம்' என்றால் தெருவே கூடி நின்று பேசும். இன்றைக்கு 'என்ன குழந்தை?' என்று கேட்கிறார்களே தவிர, எப்படிப் பிறந்தது என்று கேட்பதுகூட இல்லை.

சிசேரியனைத் திட்டுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒருசேரக் காப்பாற்றிக் கொடுத்த ஆபரேஷன் அது. சித்த மருத்துவன் என்பதால் அதைக் குறை சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் சொல்லப்போவது, அந்த ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, எல்லாரும் அதை மறந்துவிட்ட பிறகு, தையல் தழும்பில் வருகிற ஒரு கட்டியைப் பற்றி. அபூர்வமாக வருவதுதான். ஆனால் வந்த பெண் படும் பாடு கொஞ்சமல்ல. அதைவிட, அது இன்னதென்று தெரியாமல் வருஷக்கணக்கில் அலைகிற பாடு பெரிது. அப்படி ஒரு பெண்ணை அலைய விட்டவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998-ம் வருஷம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, சொந்தமாக வைத்தியசாலை வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெண் தன் மாமியாருடன் வந்தார். 28 வயது இருக்கும். தலைச்சன் பிள்ளைக்கு மூன்று வயது. சிசேரியன் தையலின் இடது ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி.

"கல்லு மாதிரி இருக்கு சார். பாவாடை நாடா பட்டாக்கூட உயிர் போகுது" என்றார் அந்தப் பெண்.

"எல்லாம் தையல் வலிதான் சார். குளிர்காத்து பட்டா எனக்குந்தான் பழைய தையல் இழுக்குது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் தாங்க முடியலை" என்றார் மாமியார்.

நாடி பார்த்தேன். கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கரையாமல் நின்றுவிட்ட தையல் நூலைச் சுற்றிச் சதை திரண்டிருக்கும் என்று முடிவு கட்டினேன். மேலுக்குப் பற்று போடச் சொல்லி, உள்ளுக்கும் மருந்து கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தார்கள். "உங்க கை ராசியான கை சார். வலியே இல்லை" என்றார் மாமியார். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

மறு மாதம் மறுபடி வலி. மறுபடி பற்று. மறுபடி ஒரே வாரத்தில் குணம். அதற்கடுத்த மாதமும் அப்படியே. இப்படி எட்டு மாதம். எட்டு மாதமும் என் மருந்து 'வேலை செய்தது'. கட்டி மட்டும் கொட்டைப்பாக்கிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது. பிறகு அவர்கள் வருவது நின்றுவிட்டது.

ஒரு வருஷம் போயிருக்கும். குழந்தைக்குச் சளி என்று அதே பெண் வந்தார். "அந்தக் கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க சார்" என்று சொல்லி, பையிலிருந்து பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். தழும்பில் எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதியிருந்தது. கருப்பைக்குள்ளே இருக்க வேண்டிய சவ்வு, வயிற்றுத் தோலுக்கு அடியில் கட்டியாக வளர்ந்திருக்கிறது! என்னை ஒரு வார்த்தை அவர் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அன்றோடு போயிருக்கும்.

ஏமாற்றிய வலி

என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு வலி வந்ததெல்லாம் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில். வலி தாங்காத நாளில்தானே வைத்தியரைத் தேடி வருவார்கள்? அந்த நாள் பார்த்து என்னிடம் வந்திருக்கிறார். விலக்கு முடிந்து ஐந்தாறு நாளில் வலி தானாகவே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைப் போட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான். என் பற்றுக்கு வந்த பெயர் அப்படி வந்ததுதான். வேறொரு வீட்டில் அது ஆன்டிபயாடிக் மாத்திரைக்குப் போயிருக்கும். இன்னொரு வீட்டில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய்க்குப் போயிருக்கும். நோயாளியை மட்டுமல்ல, வைத்தியனையும் சேர்த்து ஏமாற்றுகிற வலி இது.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'வலிக்கிற நாளும் தூரமாகிற நாளும் ஒன்றாம்மா?' நான் கேட்கவில்லை. பக்கத்தில் மாமியார், எதிரில் 30 வயதுகூட ஆகாத ஆண் வைத்தியன். கேட்க எனக்குக் கூச்சம், சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்து நோயை நிர்ணயிக்க வேண்டும். இதில் மொழி என்பதை நோயாளியின் குரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாக மட்டுமே நான் படித்து வைத்திருந்தேன். கேட்டு வாங்க வேண்டிய வார்த்தையும் அதில் அடக்கம் என்று அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

கருப்பைச் சவ்வு தழும்புக்கு எப்படி வந்தது?

கருப்பையின் உட்சுவரில் மெத்தை விரித்தது போல ஒரு சவ்வு இருக்கிறது. மாதந்தோறும் ஹார்மோன்களின் சொல்படி அது தடித்து வளரும். கரு வந்து தங்கவில்லையென்றால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். இதுதான் மாதவிலக்கு. இதே மாதிரியான சவ்வு கருப்பைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில் வளர்வதற்குத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் இடுப்புக் குழிக்குள், சினைப்பையின் மேலும் கருப்பையைச் சுற்றியும் வளரும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விலக்கு ரத்தம் சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் உள்ளே விதைத்துவிடுகிறது என்று 1920-களிலேயே சாம்ப்சன் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார். அதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது.

தழும்பில் வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிசேரியனில் கருப்பையைத் திறக்கிறார்கள். பிள்ளையையும் நஞ்சையும் எடுக்கிறார்கள். அப்போது சவ்வின் செல்கள் சில, ரத்தத்தோடோ துடைக்கும் பஞ்சோடோ தையல் ஊசியோடோ வந்து, வெட்டிய வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கும் விளக்கம்.

நாற்று பறித்து எடுத்துப் போகும்போது வழியில் விழுந்த ஒன்றிரண்டு வரப்பிலேயே வேர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். வயலுக்குத் தண்ணீர் பாயும்போது வரப்பின் ஈரத்தில் அதுவும் வளரும். அப்படித்தான் இதுவும். கருப்பைக்குப் போகும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்துதானே போகிறது? தழும்பில் ஒட்டிய செல்லுக்கும் அது கிடைக்கிறது. அங்கேயும் மாதந்தோறும் தடித்து, அங்கேயும் கசிகிறது. ஒரே வித்தியாசம், கருப்பைக்கு வாசல் உண்டு. இதற்கு வாசல் கிடையாது. கசிந்த ரத்தம் சதைக்குள்ளேயே நிற்கிறது. உடம்பு அதைச் சுற்றி நார் நாராக வேலி கட்டுகிறது. அதுதான் கையில் தட்டுப்படும் அந்தக் கல்.

இதில் யார் குற்றமும் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் கவனமில்லாமல் செய்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கருப்பையைத் தைத்த பிறகு காயத்தை நன்றாகக் கழுவுவது, வயிற்றுச் சுவருக்கு வேறு ஊசியும் பஞ்சும் எடுப்பது என்று பல சர்ஜன்கள் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். அதையும் மீறி வரும். அதேபோல, 'பச்சை உடம்பிலே பத்தியம் இல்லாம கண்டதைத் தின்னா, அதான் கட்டி' என்று பெண்ணைக் குத்திக்காட்டுவதும் வேண்டாம். பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தியம் சொல்லிக் கொடுக்கிற தொழில் செய்கிற நானே சொல்கிறேன்.

எத்தனை பேருக்கு வரும்? ஆய்வுகள் பலவிதமாகச் சொல்கின்றன. 1,000 சிசேரியனில் ஒன்றுக்கும் குறைவு என்று சில, நான்கு வரை என்று சில. குறைவுதான். ஆனால் லட்சக்கணக்கில் சிசேரியன் நடக்கிற ஊரில் இந்தக் குறைவும் குறைவல்ல. கருப்பையை எடுத்த ஆபரேஷன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பி துளை ஆகியவற்றின் தழும்பிலும் வருவதுண்டு.

பால் கணக்கு காலண்டரை எடுங்கள்

தையல் தழும்பில் அல்லது அதன் ஓரத்தில் ஒரு கட்டி. அதில் வலி. அந்த வலி மாதவிலக்கை ஒட்டி ஏறி, பிறகு இறங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குறுக்காகப் போட்ட தையலில் பெரும்பாலும் ஏதாவது ஒரு கோடியில் வரும். சிலருக்கு அந்த நாட்களில் கட்டி சற்றுப் பருக்கும். மேல்தோல் நீலம் பாரித்தோ பழுப்பாகவோ தெரியும். ஒரு சிலருக்கு அந்த இடத்திலிருந்தே ரத்தம் கசியும். அதைப் பார்த்து அரண்டுபோய் வருகிறவர்கள் உண்டு.

ஆபரேஷன் ஆன சில மாதத்திலேயும் வரலாம். பத்து வருஷம் கழித்தும் வரலாம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள். பால் கொடுக்கும்வரை பல பெண்களுக்கு விலக்கு வராதல்லவா? அதுவரைக்கும் தழும்பும் சும்மா இருக்கும். 'பால் மறக்கடிச்ச பிறகுதான் சார் இது ஆரம்பிச்சுது' என்று ஒரு பெண் சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அடுக்களையில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் தொங்குகிறதே, அதை எடுங்கள். விலக்கான நாட்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். தழும்பு வலித்த நாளில் பெருக்கல் குறி போடுங்கள். வலி அதிகமென்றால் இரண்டு குறி. மாத்திரை போட்டால் அதையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் போதும். வட்டமும் பெருக்கலும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளை முதலில் அவர் மேஜையில் வையுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தைக் காலண்டர் சொல்லிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வலி இப்படிக் கணக்காகத்தான் வர வேண்டும் என்பதில்லை. கணிசமான பெண்களுக்கு மாதம் முழுவதுமே வலி இருக்கும். சிலருக்கு எந்தக் கணக்குக்கும் அடங்காது. 'எனக்கு அப்படி மாதக் கணக்கில் வலிக்கவில்லையே, அப்படியானால் இது இல்லை' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தழும்பில் கட்டி என்றால் வலி எப்படி இருந்தாலும் காட்டத்தான் வேண்டும்.

ஏனென்றால் தழும்பில் வருகிற கட்டியெல்லாம் இதுவாக இருக்காது. குடலிறக்கமாக இருக்கலாம். இருமினால் புடைக்கும், மல்லாந்து படுத்தால் உள்ளே போகும். போன கட்டி ஒருநாள் உள்ளே போகாமல் நின்று, வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சீழ்க் கட்டியாக இருந்தால் சூடும் சிவப்பும் காய்ச்சலும் இருக்கும். தையல் நூலைச் சுற்றிய திரட்சி, கொழுப்புக் கட்டி, தழும்பே தடித்து மேடாகி அரிக்கும் கெலாய்டு என்று இன்னும் பல. அபூர்வமாக வேறு வகைக் கட்டிகளும் உண்டு. கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கு என்னைவிடச் சாட்சி யார் வேண்டும்?

லேடி டாக்டரிடமோ சர்ஜனிடமோ போங்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். 'இந்தக் கட்டி இருக்கிற இடத்தைத் தனியாகப் பாருங்கள்' என்று ஸ்கேன் எடுப்பவரிடமே சொல்லுங்கள். வெறுமனே வயிற்று ஸ்கேன் என்றால் உள்ளே இருக்கும் உறுப்புகளைப் பார்த்துவிட்டுத் தோலுக்கு அடியில் இருப்பதை விட்டுவிட வாய்ப்பு உண்டு. எவ்வளவு ஆழம், தசைக்குள் போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். மெல்லிய ஊசி போட்டுக் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பதும் உண்டு. ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது.

பற்று போடலாமா, வைத்தியரே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்: இந்தக் கட்டியைக் கரைக்கும் பற்று என்னிடம் இல்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எட்டு மாதம் நான் நம்பியதைத்தான் அவரும் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எருக்கிலையை வதக்கிக் கட்டுவது, சேராங்கொட்டை வைத்துச் சுடுவது எல்லாம் விஷப்பரீட்சை. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளித்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆறுவதற்குள் உள்ளே கட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டியை அழுத்தி நீவிவிடுவதும் கூடாது. 'கர்ப்பப்பை டானிக்' என்று பாட்டிலில் விற்பதையெல்லாம் கேட்காமல் வாங்கிக் குடிக்கவும் வேண்டாம்.

வலி நாட்களில் இதமான ஒற்றடம் கொடுக்கலாம், தப்பில்லை. நொச்சி இலை வதக்கிய துணி முடிச்சோ, வெந்நீர்ப் பையோ, எதுவானாலும் சரி. விலக்கு வலிக்கு வெதுவெதுப்பு நல்ல ஆறுதல். ஆனால் சிசேரியன் தழும்பைச் சுற்றித் தோல் சிலருக்கு மரத்துப்போயிருக்கலாம், சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். அறியாமல் அங்கே சுட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதலில் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் பிறகு வயிற்றில் வையுங்கள். சீழ் என்று சந்தேகம் இருந்தால் ஒற்றடமே வேண்டாம்.

விலக்கில் ரத்தம் அதிகம் போகிற பெண்ணாக இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சை எல்லாம் சாப்பாட்டில் சேரட்டும். இது பெண்ணின் பலத்துக்கு, கட்டிக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹார்மோன் மாத்திரை, ஊசி என்று அலோபதியிலும் உண்டு. சாப்பிடும்வரை வலி குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். கட்டி மறைவது அபூர்வம். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் இருக்கிறவர்களுக்கு அது உதவும்.

கடைசியில் வேலை செய்வது கத்திதான். கட்டியை மட்டும் சுரண்டி எடுத்தால் போதாது. சுற்றிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் அது மறுபடி முளைக்கும். தசை உறையில் பெரிய ஓட்டை விழுந்தால் செயற்கை வலை வைத்துத் தைப்பார்கள். இல்லாவிட்டால் பின்னால் குடலிறக்கம் வரும். கட்டி சின்னதாக இருக்கும்போதே போவது ஏன் நல்லது என்று இப்போது புரிகிறதா? கொட்டைப்பாக்கு அளவில் எடுத்தால் சின்னக் காயம். எலுமிச்சை அளவு ஆகும்வரை பற்று போட்டுக்கொண்டிருந்தால் வலை வைக்கிற அளவுக்குப் போகும். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இது புற்றுநோய் அல்ல. மிகமிக அபூர்வமாக, பல வருஷம் கவனிக்காமல் விட்ட கட்டி அப்படி மாறியதுண்டு. அந்தச் சந்தேகமும் அந்த ரிப்போர்ட்டில் தீர்ந்துவிடும்.

'சித்த வைத்தியர் போய் ஆபரேஷனுக்கு அனுப்புகிறாரே' என்று என்னிடம் நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32. அந்தப் புற மருந்து முப்பத்திரண்டில் பற்றும் ஒன்று, ஒற்றடமும் ஒன்று, அறுவையும் ஒன்று. பற்றால் ஆகாததை அறுவையிடம் ஒப்படைப்பது எங்கள் சாத்திரத்துக்கு உட்பட்டதுதான். அறுக்கிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எதிலும் எழுதவில்லை.

'அடுத்த குழந்தைக்குத் தடையா டாக்டர்?' என்பது அடுத்த கேள்வி. தழும்பில் மட்டும் இருக்கும் கட்டி கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. இந்தக் கட்டி உள்ள பெரும்பாலானவர்களுக்கு இடுப்புக்குள் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதும் இல்லை. ஆனால் விலக்கின்போது அடிவயிற்றில் கடும் வலி, தாம்பத்தியத்தில் வலி, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை சேர்ந்திருந்தால் உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமானால் கட்டி சிலருக்குப் பெரிதாவதும் உண்டு. ஆகவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

சுகப்பிரசவத் தையலிலும்

'எனக்குச் சுகப்பிரசவம்தான், எனக்கு எதுக்கு இது' என்று இதுவரை மேலோட்டமாகப் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வெளிவரும் வழி போதாமல் கீறிவிட்டுத் தையல் போடுவார்கள் அல்லவா, அந்தத் தழும்பிலும் இதே கட்டி அபூர்வமாக வரும். உட்கார்ந்தால் குத்தும். மலம் கழிக்கும்போது வலிக்கலாம். கணவனோடு சேர்வது தண்டனையாகிவிடும். வயிற்றுத் தழும்பையாவது மாமியாரிடம் காட்டுவார்கள். இதை யாரிடம் காட்டுவார்கள்? 'மூலம்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு களிம்பு தடவிக் காலம் தள்ளுகிறார்கள். என்னிடம் 'மூலத்துக்கு மருந்து குடுங்க' என்று வருகிற பெண்களிடம் இப்போதெல்லாம் தேதி கேட்காமல் மருந்து கொடுப்பதில்லை. ஆசனவாய்த் தசைக்குப் பக்கத்தில் இருப்பதால் இதற்கு அனுபவமுள்ள கை வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் மகளிர் மருத்துவப் பிரிவும் அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

கணவன்மார்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாதத்தில் ஐந்தாறு நாள் உங்கள் மனைவி புடவையைத் தளர்த்திக் கட்டுகிறாரா? குழந்தையை இடுப்பில் வைக்காமல் தோளில் போட்டுக்கொள்கிறாரா? ஒருபக்கமாகவே படுக்கிறாரா? கேளுங்கள். கேட்டால் முதலில் 'ஒண்ணுமில்லை' என்றுதான் பதில் வரும். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

போன வருஷம் ஒரு டீச்சரம்மா தன் அம்மாவின் முழங்கால் வலிக்காக வந்தார். கிளம்பும்போது, வாசற்படியில் நின்றுகொண்டு, "எனக்கும் தையல்ல ஒரு சின்னக் கட்டி சார், ரெண்டு வருஷமா இருக்கு, பரவாயில்லை" என்றார். திரும்ப உட்கார வைத்தேன். தேதி கேட்டேன். "அதெல்லாம் யாரு சார் ஞாபகம் வச்சுக்குறா!" என்று சிரித்தார். காலண்டர் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவர் கணவரும் கூட வந்தார். கையில் காலண்டரிலிருந்து கிழித்த மூன்று தாள்கள். ஓரத்தில் பால் கணக்கு, நடுவில் வட்டமும் பெருக்கலும். ஒன்றுகூட விலகி விழவில்லை. கடைசித் தாளில் குறிகள் வேறு கையெழுத்தில் இருந்தன. "அவ மறந்துடுறா சார், அதான் நானே போட்டுட்டேன்" என்றார் கணவர். ஒரு சீட்டு எழுதி அந்தத் தாள்களோடு சேர்த்து சர்ஜனுக்கு அனுப்பினேன். நெல்லிக்காய் அளவு கட்டி. வலை தேவைப்படவில்லை. பயாப்சியில் சந்தேகப்பட்டதேதான் வந்தது.

பொங்கல் கழிந்து அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்க வந்தபோது விசாரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு விலக்கு வந்து போயிருந்தது. வலி இல்லை. "இப்ப காலண்டர்ல என்ன எழுதுறீங்கம்மா?" என்றேன்.

"பால் கணக்கு மட்டுந்தான் சார். அதுவும் அவருதான் எழுதுறாரு" என்றார்.